பணிப்பதிவேடும் மின்கோப்பும்: பதிப்பு நோக்கில் ஒரு வரலாறு

அரசுப் பணியாளர்தம் பணிப்பதிவேடுகள் தாளினின்று மின்கோப்பிற்கு மாற்றப்பட்டு வருதல் ஆட்சித்துறையினர்க்கும் கணிப்பொறியாளர்க்கும் மட்டுமே உரிய செய்தி எனப் பொதுவாகக் கருதப்படுகின்றது. மொழித்துறையினர் இதன்கண் ஆராய்தற்கு யாதும் இல்லை என்பது அக்கருத்தின் உட்கிடை. ஆயின், ஓர் எழுதுபொருளினின்று மற்றோர் எழுதுபொருளுக்குப் பாடம் பெயர்க்கப்படும்பொழுது நிகழ்வன யாவை என்பது, ஏட்டுச்சுவடிகளை அச்சேற்றத் தொடங்கிய நாள்தொட்டுத் தமிழறிஞர் எதிர்கொண்டு வந்த வினாவாகும். படித்தறிய இயலாத இடம், இருவகையாகப் படிக்க இடந்தரும் எழுத்து, படியெடுப்போர் தம் எண்ணத்திற்கேற்பத் திருத்தியமைத்த தொடர் ஆகிய இவையெல்லாம் சுவடிப் பதிப்பாசிரியர் நன்கறிந்த இடர்ப்பாடுகள். அவையே இன்று கருவூலங்களிலும் அலுவலகங்களிலும் வேறு பெயருடன் தோன்றுகின்றன. சுவடியிற் பிழை நேரின் ஒரு செய்யுளின் பொருள் கெடும். பதிவேட்டிற் பிழை நேரின் முப்பதாண்டு உழைத்த ஒருவரின் ஓய்வூதியம் தடைப்படும். ஆதலின், இவ்விரண்டாவது பெயர்ப்பினையும் வரலாற்று முறையில் நோக்குதல் வேண்டும்.

பங்கு எழுதிய கல்

தமிழகத்துப் பணியாளர்தம் பெயர், இருப்பிடம், ஊதியம் ஆகியவற்றை விரிவாகக் கூறி இன்றளவும் எஞ்சியுள்ள ஆவணங்களுள் தலையாயது தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டொன்று. முதலாம் இராசராசனின் 29ஆம் ஆட்சியாண்டை, அஃதாவது கி.பி. 1014ஆம் ஆண்டை ஒட்டியது அது. தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாந் தொகுதியில் 66ஆம் எண்ணுடையதாக ஹுல்ஷ் என்பார் அதனைப் பதிப்பித்தார். சோழநாட்டுக் கோயில்கள் பலவற்றினின்று கொணரப்பெற்ற தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவர் அதன்கண் ஒருவர்பின் ஒருவராக எழுதப்பெற்றுள்ளனர். எந்தத் தளிச்சேரி, எந்தச் சிறகு, எத்தனையாம் வீடு, முன்பு எவ்வூர்க் கோயிலில் இருந்தவர், பெயர் யாது என்னும் குறிப்புகள் ஒவ்வொருவர்க்கும் தரப்பட்டுள்ளன. ஒருவர்க்கு ஒரு பங்கு. ஒரு பங்கிற்கு ஆண்டொன்றுக்கு நூறு கலம் நெல். நட்டுவர், பாடுவோர், கணக்கர், குடை பிடிப்போர், குயவர், வண்ணார், நாவிதர், தையற்காரர் முதலியோரும் தத்தமக்குரிய பங்குடன் பின்னர்க் கூறப்பெறுகின்றனர்.

பெண்டுகள் அனைவர் பெயரும் 'நக்கன்' என்னும் சொல்லைத் தலையிற் கொண்டு வருகின்றன. நானூறு பேர்க்கும் தலைச்சொல் ஒன்றே; பெயரிலும் ஒப்புமை மிகுதி. ஆகவே, ஒருவரை மற்றொருவரினின்று பிரித்தறிதற்கு முன்னிருந்த கோயிலும் இன்றுள்ள வீட்டின் வரிசையுமே துணையாயின. பெயர் மட்டும் ஆளை அடையாளங் காட்டாது என்பதனைக் கல்லில் எழுதியோர் தெளிவாக உணர்ந்திருந்தனர். இன்று பணியாளர் ஒவ்வொருவர்க்கும் ஓர் எண் வழங்கப்படுவதன் அடிப்படையும் இதுவே.

அக்கல்வெட்டின் மற்றொரு கூறு இன்னும் ஆழ்ந்து நோக்கற்பாலது. பங்கு பெற்றவர் இறப்பினும் வேற்றிடம் செல்லினும் அவர்க்கு அடுத்த உறவினர் அப்பணியைச் செய்து அப்பங்கினைப் பெறவேண்டும். அவ்வுறவினர் தகுதியுடையர் அல்லராயின் தகுதியுடைய ஒருவரைக் கொண்டு செய்விக்கவேண்டும். உறவினரே இலராயின் அப்பணியிலுள்ள பிறர் கூடித் தக்காரைத் தெரிந்தெடுக்கவேண்டும். இவ்விதிகளால் அறியப்படுவது யாது? ஆவணம் உண்மையில் ஆளைப் பற்றியது அன்று, பங்கினைப் பற்றியது. ஆள் வருவார், போவார்; பங்கு நிற்கும். பெயர்கள் எழுதப்பெற்றது அப்பங்கில் முதற்கண் அமர்ந்தோர் இவர் எனக் காட்டுதற்கே. அவர்கட்குப் பின் வந்தோர் பெயர்கள் அதே கல்லில் தொடர்ந்து எழுதப்பெறவில்லை.

கல்லில் வெட்டியது இறுதிப்படி என்பதனையும் மறத்தலாகாது. அரசன் வாய்மொழியாகப் பிறப்பித்த ஆணை திருமந்திர ஓலை எழுதுவோனால் ஓலையில் எழுதப்பெற்று, ஓலைநாயகத்தாற் பார்க்கப்பெற்று, வரிப்பொத்தகத்திற் பதியப்பெற்றமையைச் சோழர் செப்பேடுகளால் அறிகின்றோம். இடையில் இத்தனை கைகள் இருந்தன. ஒவ்வொரு கைக்கும் ஒரு பெயர் இருந்தது. பெயர்த்தெழுதுதலின் பொறுப்பு யாருடையது என்பதனை ஆவணத்திலேயே குறித்து வைத்த அம்முறை போற்றத்தக்கது.

பங்கினின்று ஆளுக்கு

பங்கே முதன்மை பெற்ற இம்முறை சோழர் காலத்தோடு முடிந்ததன்று. ஊர்க்கணக்கு எழுதும் கர்ணம் பதவி குடிவழியாக வந்ததனையும், ஆங்கிலேயர் ஆட்சி 1895ஆம் ஆண்டின் சென்னைப் பரம்பரைக் கிராமப் பதவிகள் சட்டத்தால் அதனை ஒழுங்குபடுத்தியதனையும் வரலாறு படித்தோர் அறிவர். பதவியைக் குடிவழியுரிமையாக வழங்குதல் அரசியலமைப்பிற்கு முரணானது என உச்ச நீதிமன்றம் 1960ஆம் ஆண்டு ஆந்திர வழக்கொன்றில் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் பகுதிநேரக் கிராம அதிகாரிகள் பதவிகள் 1980 நவம்பரில் அவசரச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டு, தேர்வு வழிச் சேரும் கிராம நிருவாக அலுவலர்கள் அமர்த்தப்பெற்றனர். ஆயிரம் ஆண்டுப் பழமையுடைய ஒரு கருத்து நம் தலைமுறையில் ஒரே நாளில் முடிவுற்ற செய்தி இது.

இதற்கு மாறான கருத்து, ஊழியரைத் தனியொருவராக எடுத்துக்கொண்டு அவர் பணியிற் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெறும் நாள்வரை ஒரே ஏட்டில் தொடர்ந்து எழுதிவருதல் ஆகும். போட்டித் தேர்வு, மாத ஊதியம், ஆண்டு ஊதிய உயர்வு, இடமாற்றம், ஓய்வூதியம் ஆகிய ஐந்தும் கூடிய ஆட்சிமுறையே அத்தகைய ஏட்டினை வேண்டி நிற்கும். இந்திய ஆட்சிப் பணிக்குப் போட்டித் தேர்வு 1855ஆம் ஆண்டிற் புகுந்தது. பணியாளர்தம் ஊதியம், விடுப்பு முதலியவற்றைக் கூறும் அடிப்படை விதிகள் 1922 சனவரி முதல் நாளில் நடைமுறைக்கு வந்தன. பணிப்பதிவேடு இவ்விதிகளின் நிழலில் வளர்ந்த நூல். அலுவலகங்களில் அதனை 'எஸ்.ஆர்.' என்றே வழங்குவர்; முழுப்பெயர் சொல்வோர் அரியர்.

அதன் முதற்பக்கம் ஆளைப் பற்றியது. பெயர், தந்தை பெயர், சொந்த ஊர், பிறந்த நாள், உயரம், உடலிற் காணப்பெறும் மச்சம் தழும்பு முதலிய அடையாளங்கள், கல்வித்தகுதி, கைவிரற்பதிவு, கையொப்பம் ஆகியன அதில் இடம்பெறும். பிறந்த நாளை எண்ணாலும் எழுத்தாலும் எழுதவேண்டும் என்னும் விதியைக் கருதுக. ஒரு செய்தியை இருவகை வடிவில் எழுதிவைத்தால் ஒன்று சிதைந்தவிடத்து மற்றொன்று காக்கும். அடுத்து வரும் பக்கங்கள் பணியைப் பற்றியன: பதவி, ஊதியம், உயர்வு, மாறுதல், விடுப்பு, தண்டனை என அவை விரியும். ஒவ்வொரு பதிவிற்கும் அலுவலகத் தலைவர் கையொப்பம் இடவேண்டும். சுரண்டி அழித்தலும் மேலெழுதுதலும் கூடா. பிழையை ஒரு கோட்டால் அடித்து, சரியானதனை அருகில் எழுதி, ஒப்பமிடுதல் வேண்டும். பிழையும் படிக்கத்தக்கதாய் நிற்கும், திருத்தமும் படிக்கத்தக்கதாய் நிற்கும், திருத்தியவர் யார் என்பதும் நிற்கும். பாடவேறுபாடுகளை அடிக்குறிப்பிற் காட்டும் பதிப்பாசிரியர் செய்வதனையே இவ்விதி எழுத்தர்க்குக் கட்டளையிடுகின்றது. மைய அரசின் பழைய பணிப்புத்தகப் படிவத்தில், முதற்பக்கப் பதிவுகள் ஐந்தாண்டுக்கு ஒருமுறையேனும் புதுப்பிக்கப்படவோ மீண்டும் ஒப்பமிடப்படவோ வேண்டும் என்னும் குறிப்பும் உண்டு.

மாறுதல் பெற்றவர் பின்னே இப்பதிவேடும் ஊர் ஊராகச் சென்றது. இறுதியில் ஓய்வூதியக் கருத்துருவுடன் மாநிலக் கணக்காயர் அலுவலகம் புகுந்தது. இடைவழியில் மழையும் கரையானும் உண்டு, காணாமற்போதலும் உண்டு. பதிவேடு தொலைந்தவர், பழைய ஊதியப் பட்டியல்களையும் ஆணைகளையும் தேடி, தாம் பணி செய்தமையைத் தாமே மெய்ப்பிக்கும் நிலை ஏற்படும். மைய அரசு பணிப்புத்தகத்தின் இரண்டாம் படியை ஊழியரிடமே கொடுத்து வைக்கும் முறையை ஏற்படுத்தியதன் காரணம் இதுவாகலாம்.

கைவிரற்பதிவு பற்றி ஒரு சொல். ஊழியரையும் ஓய்வூதியரையும் விரற்பதிவால் அறியும் வழக்கம் இந்திய மண்ணிலேயே முளைத்தது. வங்காளத்து ஹூக்ளி மாவட்டத்தில் ஆட்சியராய் இருந்த வில்லியம் ஹெர்செல் 1877ஆம் ஆண்டில் ஓய்வூதியம் பெறுவோரின் விரற்பதிவுகளை வாங்கினார். இறந்தவர் பெயரால் வேறொருவர் பணம் பெறுதலைத் தடுத்தல் அவர் நோக்கம். 2014 நவம்பர் 10ஆம் நாள் தொடங்கப்பெற்ற 'ஜீவன் பிரமாண்' என்னும் மின்னணு வாழ்வுச் சான்றும் அதே நோக்கத்திற்கு அதே விரலையே நாடியது. மை போய்க் கண்ணாடித் தகடு வந்தது, ஐயம் பழையதே.

தீயும் திருட்டும்

தாள் ஆவணம் ஒரே படியாய் ஓரிடத்திற் குவிந்திருப்பின் நேர்வது யாது என்பதற்கு அமெரிக்க நாட்டுச் செயின்ட் லூயிஸ் நகர நிகழ்ச்சியினும் பெரிய சான்று இல்லை. அங்குள்ள தேசியப் பணியாளர் ஆவண நடுவத்தின் ஆறாம் மாடியில் 1973 சூலை 12ஆம் நாள் தீப்பற்றியது. தரைப்படை, வான்படை வீரர்தம் பணிக்கோப்புகள் ஒரு கோடியே அறுபது இலட்சம் முதல் ஒரு கோடியே எண்பது இலட்சம் வரை அழிந்தன. 1912 நவம்பர் முதல் 1960 சனவரி வரை பணி நீங்கிய தரைப்படையினர் கோப்புகளில் நூற்றுக்கு எண்பது எரிந்தன. 1947 செப்டம்பர் முதல் 1964 சனவரி வரை பணி நீங்கிய வான்படையினர் கோப்புகளில் நூற்றுக்கு எழுபத்தைந்து எரிந்தன. வான்படைக் கோப்புகள் நெடுங்கணக்கு வரிசையில் அடுக்கப்பட்டிருந்தமையால், ஹப்பர்டு என்னும் பெயருக்கு முன்னுள்ளோர் தப்பினர், பின்னுள்ளோர் பதிவிழந்தனர். பெயரின் முதலெழுத்து ஒருவரின் மருத்துவ உதவியையும் ஓய்வூதியத்தையும் முடிவு செய்த கொடுமை இது.

அக்கோப்புகட்கு மறுபடி இல்லை; நுண்படச் சுருளும் இல்லை; எரிந்தவை யாவை எனக் காட்டும் முழுமையான அடைவும் இல்லை. நீரில் நனைந்தவற்றை வெற்றிடக் கலத்தில் உலர்த்தி எடுத்தனர். எரிந்தவர் பணியை ஊதியச் சீட்டுகள் முதலிய பிற ஆவணங்களிலிருந்து மீட்டெழுதும் வேலை பல்லாண்டுகள் நடைபெற்றது. சிதைந்த நூலின் பகுதிகளை உரையாசிரியர் மேற்கோள்களிலிருந்து திரட்டும் நம் மரபோடு இதனை ஒப்பிடத் தோன்றுகின்றது.

இத்தகைய இழப்பினைக் கண்டும், அதே நாட்டின் குடிப்பணி ஓய்வூதியத் தாள்கள் பென்சில்வேனியா மாநிலத்துப் பாயர்சு என்னும் ஊரில், சுண்ணாம்புக்கல் எடுத்து முடிந்த பழஞ்சுரங்கம் ஒன்றில் 1960 முதற்கொண்டு காக்கப்பட்டு வந்தன. நிலத்தடி அறைகளில் ஊழியர் அமர்ந்து தாள்களைப் புரட்டி ஓய்வூதியம் கணித்தனர். இதனைக் கணிப்பொறிக்கு மாற்ற 1987 தொடங்கி மேற்கொண்ட முயற்சிகள் மீண்டும் மீண்டும் முறிந்தன. அவற்றுள் ஒன்று 2011இல் கைவிடப்பட்டது. ஓய்வு பெறுவோர் இணையவழி விண்ணப்பிக்கும் முறை 2025ஆம் ஆண்டில்தான் நடைமுறைக்கு வந்தது. பொறி வல்லாரும் பொருளும் நிறைந்த நாட்டிலும் இத்தனை காலம் பிடித்தமைக்குக் காரணம் பொறியின் குறைபாடு மட்டும் அன்று. ஓய்வூதியச் சட்டங்கள் காலந்தோறும் அடுக்கடுக்காய் வந்தவை. ஒவ்வோர் ஊழியர் கோப்பும் அவற்றுள் வெவ்வேறு அடுக்கினைச் சார்ந்தது. பழைய தாளைப் பொருளுணர்ந்து படிப்பவர் இன்றிக் கணிப்பொறிக்கு ஊட்டுதற்கு ஒன்றும் இல்லை.

மின்கோப்பும் அச்சமற்றது அன்று. அமெரிக்க அரசின் பணியாளர் மேலாண்மை அலுவலகத்தினின்று 42 இலட்சம் பேரின் பணிக்குறிப்புகள் களவு போனமை 2015ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. பணிக்குமுன் நடைபெறும் பின்புல விசாரணை தொடர்பாக 2 கோடியே 15 இலட்சம் பேரின் செய்திகளும், 56 இலட்சம் பேரின் விரற்பதிவுகளும் உடன் சென்றன. தாளாயின் இத்தனையையும் ஏற்றிச்செல்ல எத்தனை வண்டிகள் வேண்டும் என எண்ணிப் பார்க்கலாம். கடவுச்சொல் களவு போயின் மாற்றலாம். கைவிரலை மாற்றல் இயலாது.

படமும் பதிப்பும்

இனி நம் நாட்டிற்கு வருவோம். மின்னணு ஆவணத்திற்கும் மின்னொப்பத்திற்கும் 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் சட்டநிலை அளித்தது. மைய அரசு பணியாளர்க்கான மின்-மனிதவள மேலாண்மை அமைப்பினை 2017 திசம்பர் 25ஆம் நாள் தொடங்கியது. தமிழ்நாட்டரசு கருவூலக் கணக்குத் துறையின் வழியே ஒருங்கிணைந்த நிதி மற்றும் மனிதவள மேலாண்மைத் திட்டத்தை மேற்கொண்டது. அதன்கீழ்ப் பணிப்பதிவேடுகள் மின்மயமாக்கப்பட்டன. ஊழியர்க்கான செயலிக்குக் 'களஞ்சியம்' எனப் பெயரிட்டுள்ளனர். நெல்லைச் சேர்த்துவைக்கும் இடத்தின் பெயர் ஆவணம் சேர்த்துவைக்கும் இடத்திற்கு ஆகியது. ஊதியத்தை நெல்லாக அளந்த நாட்டிற்கு இப்பெயர் பொருத்தமுடைத்தே.

இப்பணியில் இருவேறு செயல்கள் ஒன்றெனக் கருதப்பட்டு வருகின்றன. ஒன்று, பதிவேட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் படமாக எடுத்துச் சேமித்தல். மற்றொன்று, அப்பக்கத்தைப் படித்து, அதன்கண் உள்ள செய்திகளைப் பிரித்து, கணிப்பொறிப் படிவத்தின் உரிய கட்டங்களில் நிரப்புதல். முன்னது சுவடியை நிழற்படம் எடுப்பதோடு ஒக்கும். பின்னது சுவடியைப் பதிப்பிப்பதோடு ஒக்கும். நிழற்படம் எடுப்பவர்க்குச் சுவடியைப் படிக்கத் தெரியவேண்டுவதில்லை. பதிப்பிப்பவர்க்குத் தெரியாமல் இயலாது. ஊதியமும் ஓய்வூதியமும் கணிக்கப்படுவது கட்டத்தில் நிரப்பிய எண்ணைக் கொண்டேயன்றிப் படத்தைக் கொண்டு அன்று. ஆகவே, பொறுப்பு முழுவதும் பின்னைய செயலின்மேல் வந்து நிற்கின்றது. எனினும், அதனைத் தட்டச்சு வேலை என்றே பலர் எண்ணுகின்றனர். அஃது அங்ஙனம் எண்ணத்தக்கதன்று. முப்பதாண்டுப் பதிவேட்டைப் படித்து, பலர் கையெழுத்தைப் பிரித்தறிந்து, அடித்தெழுதிய பதிவுகளுள் எது செல்லும் எது செல்லாது எனத் துணிதல் முற்றிலும் பதிப்புத் தொழிலாகும்.

கட்டம் ஓர் எண்ணையே ஏற்கும். பதிவேட்டின் ஓரத்தில் எழுதப்பெற்ற 'ஆணை வரும்வரை', 'தணிக்கைக்கு உட்பட்டு' போன்ற குறிப்புகட்குக் கட்டம் இல்லையாயின் அவை உதிர்ந்துவிடும். ஐயத்திற்கிடமான பாடம் ஐயமற்ற பாடமாய்த் தோற்றமளிக்கும். நல்ல பதிப்பாசிரியர் தெளியாத இடத்தில் புள்ளியிட்டு விடுவர். கணிப்பொறிப் படிவமோ புள்ளியை ஏற்காது, நிரப்பினாலன்றி அடுத்த பக்கத்திற்கு விடாது. அப்பொழுது எழுத்தர் செய்யத்தக்கது யாது? ஏதோ ஒன்றை நிரப்புவார். அவரைக் குறைகூறல் முறையன்று. ஐயத்திற்கு இடம் வையாத படிவத்தை அமைத்தோரே கடிந்துரைக்கத்தக்கவர்.

எழுத்துப் பிழைகளின் புதிய வரிசை

ஏட்டுச்சுவடியில் மெய்க்குப் புள்ளி இடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. எகர ஏகாரங்கள் ஒருவடிவில் நின்றன. காலும் ரகரமும் மயங்கின. வீரமாமுனிவர் செய்த சீர்திருத்தமும் அச்சுக்கலையின் வரவும் அம்மயக்கங்களைப் போக்கின. கணிப்பொறி அவற்றுள் சிலவற்றைப் புதிய உருவில் மீளக் கொணர்ந்தது. ஔகாரக் குறியின் வலப்பகுதியும் ளகரமும் கண்ணுக்கு ஒன்றாகவே தோன்றுவன. ஒருங்குறியிலோ அவற்றிற்கு வெவ்வேறு எண்கள் உள. கௌசல்யா என்னும் பெயரைக் ககரத்தின்மேல் ஔகாரக் குறியிட்டு ஒருவர் எழுதுகின்றார். 'கெ' என எழுதி அதன்பின் ளகரத்தைச் சேர்த்து மற்றொருவர் எழுதுகின்றார். திரையில் இரண்டும் ஒன்றே. தேடுமிடத்துக் கணிப்பொறி இருவர் எனக் கூறும். ஸ்ரீதர், ஸ்ரீதேவி முதலிய பெயர்களிலும் இவ்விடர் உண்டு. 2005ஆம் ஆண்டில் ஶகரம் ஒருங்குறியிற் சேர்க்கப்பெற்ற பின்னர், ஸ்ரீ என்னும் எழுத்தினை ஸகரத்தைக் கொண்டும் ஶகரத்தைக் கொண்டும் அமைத்தல் இயல்வதாயிற்று. கையால் எழுதிய நாளில் இல்லாத பாடவேறுபாடு இது; கண்ணாற் காணவும் இயலாதது.

ஒருங்குறிக்கு முன்னிருந்த நிலை இதனினும் இடர்ப்பாடுடையது. ஒரு நிறுவனத்தின் எழுத்துருவில் தட்டச்சிட்ட பட்டியல் மற்றொன்றில் பொருளற்ற குறிகளாய்த் தோன்றும். 1999ஆம் ஆண்டுச் சென்னை மாநாட்டின் பயனாய் அமைந்த குறியீட்டு முறைகள் ஒருவாறு ஒழுங்கு தந்தன. 2010ஆம் ஆண்டு சூன் திங்களில் தமிழ்நாட்டரசு ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது. ஒரு நன்மையும் ஈண்டுச் சொல்லற்பாலது. 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்தால் ணா, லை முதலியவற்றின் வடிவம் மாறியது. அண்ணாமலை என்னும் ஒரு பெயரிலேயே மாறிய எழுத்து இரண்டு உள்ளன. பழைய பதிவேட்டில் அப்பெயர் ஒருவாறும் புதிய பதிவேட்டில் வேறொருவாறும் காணப்படும். ஒருங்குறியில் வடிவம் யாதாயினும் எண் ஒன்றே ஆதலின் அவ்வேறுபாடு தானே நீங்கியது. ஆயின், பழைய வடிவங்களைப் படித்துப் பழகாத இளைஞர் ஒருவர் பழம் பதிவேட்டைப் பார்த்துத் தட்டச்சிடும்பொழுது இடர் எழுத்தில் அன்று, படிப்பவர் பயிற்சியில் இருக்கின்றது.

தமிழர்க்குக் குடும்பப்பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே தலைப்பெழுத்தாய் நிற்கும். கணிப்பொறிப் படிவங்களோ முதற்பெயர், கடைப்பெயர் என வேற்று நாட்டு வழக்கை ஒட்டி அமைந்தவை. மு. கந்தசாமி ஓரிடத்தில் கந்தசாமி முத்தையா எனவும், மற்றோரிடத்தில் முத்தையா கந்தசாமி எனவும் ஆகின்றார். மணத்திற்குப் பின் தலைப்பெழுத்தை மாற்றிக்கொண்ட மகளிர் அரசிதழ் அறிவிப்பினைக் காட்டவேண்டியவராகின்றனர். ஆங்கில எழுத்தில் பெயர் எழுதும்பொழுதோ தமிழ்ச்செல்வி என்னும் ஒரு பெயர்க்குத் தகரத்தை ஓரெழுத்தாலும் ஈரெழுத்தாலும், ழகரத்தையும் அவ்வாறே இருவகையாலும் எழுதுவோர் உளர். அவ்வளவிலேயே நான்கு வடிவம் ஆயிற்று. பதிவேட்டில் ஒன்று, வங்கியில் ஒன்று, ஆதார் அட்டையில் ஒன்று என அமையின், மூன்றும் ஒருவரே என மெய்ப்பிக்கும் சுமை அவ்வம்மையார் தலையில் ஏறுகின்றது.

பிறந்த நாளின் மூலபாடம்

எல்லாப் பதிவுகளிலும் உயிர்நிலையாயது பிறந்த நாள். தமிழ்நாட்டில் ஓய்வு வயது 2020 மே திங்களில் 58இலிருந்து 59ஆகவும், 2021 பிப்ரவரியில் 60ஆகவும் உயர்த்தப்பட்டது. ஓய்வு பெறுவது அவ்வயது நிரம்பும் திங்களின் கடைசி நாளில். முதல் தேதியிற் பிறந்தவர் மட்டும் முந்திய திங்களின் கடைசி நாளில் ஓய்வு பெறுவர். சூலை 1இல் பிறந்தவர் சூன் 30இலும், சூலை 2இல் பிறந்தவர் சூலை 31இலும் ஓய்வு பெறுவர். 1 என்பதனை 2 எனப் படித்தாலும், 2 என்பதனை 1 எனப் படித்தாலும் ஒரு திங்கள் ஊதியம் மாறிவிடும். நாளை முன்னும் திங்களைப் பின்னும் எழுதுவது நம் வழக்கம். திங்களை முன் எழுதுவது அமெரிக்க வழக்கம். 5-6 எனப் பதிவேட்டில் உள்ளது கணிப்பொறியில் எவ்வழக்கில் ஏறியது என்பதனை எழுத்தால் எழுதிய வரியோடு ஒப்பிட்டே தெளியவேண்டும். அவ்வரிக்கு மின்படிவத்தில் இடம் வைத்திலரேல் ஒப்பிடுதற்குப் படம் ஒன்றே துணை.

பணியேட்டில் உள்ள பிறந்த நாளும் மூலம் அன்று, படியின் படி. முன்னாளில் வீட்டிற் பிறந்த குழந்தையின் பிறப்பு, பதிவாகாமல் விடப்பட்டது மிகுதி. பள்ளியிற் சேர்க்கும்பொழுது ஆசிரியர் கணித்து எழுதிய நாள் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் ஏறியது. அதிலிருந்து எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்திற்கும், அதிலிருந்து பணிப்பதிவேட்டிற்கும், இப்பொழுது மின்கோப்பிற்கும் வந்துள்ளது. சுவடிகளின் மரபுவழியை வரைவதுபோல் இதனையும் வரையலாம். தமிழ்நாட்டு விதிப்படி, பிறந்த நாளைத் திருத்த விழைவோர் பணியிற் சேர்ந்த ஐந்தாண்டுக்குள் விண்ணப்பித்தல் வேண்டும். 2016ஆம் ஆண்டின் அரசுப் பணியாளர் பணிநிபந்தனைச் சட்டத்திற்கு முன்னிருந்த பொதுவிதிகளிலும் அக்கால எல்லை உண்டு. முப்பத்தைந்து ஆண்டு பணி செய்தபின் பிறந்த நாளைத் திருத்தக் கேட்ட ஹர்னாம் சிங் வழக்கில், காலங்கடந்த அக்கோரிக்கையை உச்ச நீதிமன்றம் 1993இல் ஏற்க மறுத்தது. இவ்விதி ஊழியர் தம் நலம் கருதி நாளை மாற்றுதலைத் தடுக்க வந்தது. ஆயின், மின்கோப்பிற்குப் பெயர்த்தபொழுது பிறர் கையால் நேர்ந்த மாற்றம் இதனின் வேறானது. அது திருத்தம் அன்று, படிப்பிழை. படிப்பிழையைப் போக்கி மூலத்தை மீட்பதற்குக் காலஎல்லை கூறுதல் பொருந்தாது. பதிவேட்டுப் பக்கத்தோடு ஒப்பிட்டு அலுவலகத் தலைவரே ஒப்பமிட்டுச் சரிசெய்ய இடமிருத்தல் வேண்டும்.

2023ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அவ்வாண்டு அக்டோபர் முதல் நாள் நடைமுறைக்கு வந்தமையால், அதன்பின் பிறந்தோர்க்குப் பிறப்புச் சான்றே பள்ளிச் சேர்க்கைக்கும் அரசுப் பணிக்கும் பிறந்த நாளின் சான்றாக அமையும். அவர்கள் பணிக்கு வருதற்கு இன்னும் காலம் உண்டு. அதுவரை பணியிலிருப்போர் அனைவரும் படியின் படியை நம்பி வாழ்வோரே.

படமெடுத்து முடிந்த தாள் பதிவேட்டை என்செய்வது என்பது அலுவலகங்களில் இடநெருக்கடி பற்றியே பேசப்படுகின்றது. படம் தெளிவாயிருப்பினும் தாளிற் காணப்படும் மைவேறுபாடு, அழுத்தம், ஒட்டிய துண்டின் அடியிலுள்ள எழுத்து ஆகியன படத்திற் புலப்படா. 2024 சூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சியச் சட்டம் மின்னணு ஆவணத்தைச் சான்றாக ஏற்கின்றது. எனினும், கட்டத்தில் உள்ள எண்ணும் படத்தில் உள்ள எண்ணும் மாறுபடுமிடத்து நீதிமன்றம் தாளையே கேட்கும். ஆகவே, ஒருவர் ஓய்வு பெற்று, அவர்க்கும் அவர் பின்னுள்ள குடும்ப ஓய்வூதியர்க்கும் உரியன யாவும் முடியும்வரை அவர்தம் தாள் பதிவேட்டை அழித்தல் கூடாது. மின்கோப்பில் ஒவ்வொரு கட்டத்திற்கும் அருகே அச்செய்தி எடுக்கப்பெற்ற பதிவேட்டுப் பக்கத்தின் எண்ணும், படித்து நிரப்பியவர் பெயரும், ஐயமுளதாயின் மாற்றுப்பாடமும் குறிக்க ஓரிடம் அமைத்தல் வேண்டும்.